டேங்குக்கு எடுத்த ஸ்கேன்

அறுக்கக் கூடாதத அறுத்தா இப்பிடித்தான் சார் ஆவும். நேத்து சாயங்காலம் மேனேஜரு அறுத்தாரு. இன்னிக்கி காலையில நீங்க டேங்குல மிஷின வச்சீங்க. கம்மியா காட்டுது. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்… ஐயோ, உங்களச் சொல்லல சார். நீங்க டீய குடிங்க. ஆறிடும்.

எனக்கு பேச வராது சார். கூச்சம் ஜாஸ்தி. ஏழாவதோட நின்னுட்டேன். அங்கியும் டீச்சரு கேள்வி கேட்டா எழுந்து நிப்பேன், அவ்ளோதான். ஒக்காருன்னு சொல்ற வரிக்கும் நிப்பேன். கல்யாணத்தன்னிக்கி ஃபோட்டோக்காரரு "தலைய தூக்கும்மா, தலைய தூக்கும்மா"ன்னு கத்தியே அவருக்கு தொண்ட கட்டிக்கிச்சி. ஆல்பம் பூரா என் வகிடுதான் இருக்கும். இன்னிக்கும் டீய வச்சிட்டு திரும்பிடலாம்னுதான் வந்தேன். ஆனா ஆபீஸ் ரூம்ல அவர நிக்க வச்சிக்கினு மேனேஜரு போடற சத்தம் இங்க வரிக்கும் கேக்குது பாருங்க… கையும் ஓடல, காலும் ஓடல. அதான் ரெண்டு வார்த்த.

யாரா? தோ, டேங்குக்கு எதிர்க்க ஷீட்டு போட்ட ரூமு தெரியுதே, வாசல்ல சின்ன சின்னதா சட்ட காயுதே, அது எங்க வூடு. மில்லுல குடுத்த ரூமு. காலையிலேர்ந்து உங்க பக்கத்துல காக்கி சட்ட போட்டுக்கினு, சொன்ன எடத்துல ஏணிய வச்சிக்கினு, வாயே தொறக்காம ஒருத்தரு நின்னாரே… ஆங், அவருதான். எங்க வூட்டுக்காரரு. கம்ப்ரஸர் பாத்துக்கறவரு. பேரா? பேரு… காட்டுல இருப்பாருங்களே சார், சுத்தி மண்ணுக்குதிரைங்கல்லாம் நிக்கும், பொங்க வச்சி கெடா வெட்டுவாங்க, அந்த சாமி பேரு. ஆங், கரெக்ட்டா சொல்லிட்டீங்க. அதேதான். நான் சொல்லமாட்டேன், நீங்க எழுதிக்குங்க.

மேனேஜரு என்னா சொல்றாரு, கேட்டீங்களா? "டேங்குல தெனமும் தண்ணி வடிச்சியா, இல்ல தூங்கிட்டியா"ன்றாரு. தூங்கறவரா சார் அவரு? காத்த அமுக்கி அமுக்கி இந்த டேங்குல அடைக்கும்போது உள்ள தண்ணி சேருமாமே, அத அடியில இருக்கற கொழாவ தொறந்து வடிக்கணும், இல்லன்னா உள்ளயே துரு புடிச்சிடும், அதானே? எனக்கே தெரியும் சார். தெனமும் விடியக்காலம் தொறப்பாரு. புஸ்ஸ்ஸுன்னு சத்தம் வரும். அந்த சத்தத்துலதான் நான் எழுந்திருப்பேன். பாப்பா எழுந்திருக்கமாட்டா. கவிநிலான்னு பேரு. கம்ப்ரஸரு ஓடினா தூங்குவா, நின்னா முழிச்சிக்குவா. கரண்டு போனா மில்லே அமைதியாவும், எங்க வூட்ல மட்டும் அலறல் கேக்கும். இந்த புஸ்ஸு சத்தம் கேக்காத நாளு ஒண்ணுகூட இல்ல. அவரு ஜொரத்துல படுத்தன்னிக்கிகூட போர்வைய போத்திக்கினு போயி தொறந்துட்டு வந்து படுத்தாரு. அந்த மனுஷனப் பாத்து "வடிச்சியா"ன்னா?

அவராவது ஒரு வார்த்த சொல்லலாம்ல? "வடிச்சேன்"னு. நாலெழுத்து… அஞ்சா? அஞ்செழுத்து. அதுகூட வரல. தலைய குனிஞ்சிக்கினு நிக்கறாரு. கூச்சப்படறதுக்கு வூட்டுக்கு ஒரு ஆளு போறாதா சார்?

"இன்னியோட நின்னுக்கோ, ரூம காலி பண்ணிக்கோ"ன்னுட்டாரு மேனேஜரு. கண்ணாயிரம்னு பேரு. பேருக்கு ஏத்த மாதிரி ஆயிரம் கண்ணுதான், எல்லாம் எங்க வூட்டு மேல.

நாங்க எங்க போறது? மாமியாருட்ட சண்ட போட்டுக்கினுதான் இங்க வந்தோம். அது வேற கத. அத அப்புறமா சொல்றேன்.

இந்த மிஷின நீங்க பெட்டிலேர்ந்து எடுத்த ஒடனே எனக்கு தெரிஞ்சிடிச்சி சார். ஸ்கேனு. இல்லியா? அளவு பாக்கற மிஷினா? அது உங்க பாஷ சார். சத்தத்த உள்ள அனுப்பி, அது அந்தாண்ட பக்கம் மோதி திரும்பி வர்ற நேரத்த வச்சி இரும்பு எவ்ளோ தடின்னு சொல்லும்னு மேனேஜர்ட்ட சொன்னீங்களே. ஓட்ட போட வேணா, அறுக்க வேணா, வெளிய நின்னுக்கினே உள்ள தெரியும்னு. அதுக்குப் பேரு ஸ்கேனுதான். எனக்கு எடுத்தாங்களே, பாப்பா வயித்துல இருக்கும்போது. இதே மாதிரி ஜெல்லி. இதே மாதிரி கைக்குள்ள அடங்கற ஒரு கட்ட, அதுல ஒயரு. ஜில்லுன்னு இருந்திச்சி. டேங்குக்கு ஜில்லுன்னு இருக்காது, அது நெழல்லதான் நிக்கிது.

ஜெல்லி எதுக்குன்னு அங்க ஒரு அக்காவ கேட்டேன். கேட்டேன்னா, வாய தொறந்து கேக்கல, பாத்தேன். அந்தக்காவே சொன்னாங்க, நடுவுல காத்து இருந்தா சத்தம் உள்ள போவாதாம். காத்தே ஆவாதாம். நீங்களும் அதேதான் சொன்னீங்க. காத்த அடைக்கறதுக்கு செஞ்ச டேங்க அளக்க வந்த மிஷினுக்கு காத்து ஆவாது. என்னாத்த சொல்றது.

அங்க ஒரு போர்டு மாட்டியிருக்கும் சார். உள்ள இருக்கறது ஆணா பொண்ணான்னு சொல்றது குத்தம், கேக்கறதும் குத்தம்னு. எங்க மாமியாரு அந்த போர்டுக்கு அடியிலயே ஒக்காந்துக்கினு டாக்டரம்மாவ கேட்டாங்க. "என்னா கொழந்தைன்னு கேக்கல தாயி. சட்ட எடுக்கறதா கவுனு எடுக்கறதா, அத மட்டும் சொல்லு"ன்னு. டாக்டரம்மா எழுந்து வெளிய போவச் சொல்லிட்டாங்க. எனக்கு பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்திச்சி. அதான் அந்த சண்ட. அதுலதான் ஆரம்பிச்சிது. பொண்ணுதான் பொறந்திச்சி. கவுனு நாங்களே எடுத்துக்கினோம்.

உங்களுது அப்பிடி இல்ல, நம்பர சொல்லிடுது. கேட்டாலும் குத்தம் இல்ல. ஆனா சொன்ன பின்னாடிதான குத்தமே ஆரம்பிக்கிது. நீங்க பாட்டுக்கு கட்டம் கட்டமா சாக்பீஸ்ல கோடு போட்டீங்க. அந்த பெட்டியிலயே ஒட்டியிருக்கற சின்ன இரும்பு வில்லையில மொதல்ல வச்சி மிஷினு சரியா சொல்லுதான்னு பாத்தீங்க. அது எனக்கு ரொம்ப புடிச்சிது சார். சொல்றவன் ஒழுங்கான்னு மொதல்ல பாத்துட்டு அப்புறம் அவன் சொல்றத கேக்கறது. மேனேஜருக்கு அப்பிடி ஒரு வில்ல இருந்தா நல்லாருக்கும்.

புதுசுல ஆறு மில்லிமீட்டரு தடின்னு சொல்லிட்டு அடியில வச்சீங்க, அஞ்சு புள்ளி எட்டு. நல்லாருக்குதுன்னீங்க. இந்தப் பக்கம் அந்தப் பக்கம், அஞ்சு புள்ளி எட்டு, அஞ்சு புள்ளி ஏழு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கினு எல்லாத்தையும் பாத்தேன். நம்பரு படிக்கத் தெரியும் சார், அதுக்கு ஏழாவது போதும். அப்புறம் ஏணியில ஏறி மேல வச்சீங்க. மொதல்ல ஏழு புள்ளி என்னமோ காட்டிச்சி. மேனேஜரு சந்தோஷப்பட்டாரு. நீங்க மொறைச்சீங்க. "நேத்து அடிச்ச பெயிண்ட்டும் சேந்து கணக்குல வருது, நம்பறதுக்கு இல்ல"ன்னு சொறண்டச் சொன்னீங்க. சொறண்டிட்டு வச்சா நாலுன்னுது. நாலுக்கும் கீழன்னுது. அப்ப மேனேஜரு மூஞ்ச பாக்கணுமே. அப்பிடியே திரும்பி எங்க வூட்டுக்காரர பாத்தாரு.

நீங்க சொன்னது ஒண்ணு மட்டும் என் காதுலேர்ந்து போவல சார். "காத்து நெரப்பும்போது இந்த எடம் பிச்சிக்கிச்சின்னா எதிர்க்க இருக்கற சொவரு நிக்காது"ன்னீங்க. எதிர்க்க இருக்கறது எங்க சொவரு. அதுக்கு அந்தாண்டதான் பாப்பா தூளி.

சரி. அதனாலதான் சொல்றேன், நீங்க படிச்சவரு, சிரிக்காம கேளுங்க. இதுக்கு காரணம் தண்ணி இல்ல. கண்ணு.

கண்ணு சார். கண்ணு பட்டுடிச்சி. சிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல… சிரிக்கலியா? மீச அசைஞ்சிது.

மில்லுல பெருக்கற சந்திரம்மா அக்கா தெரியுமா உங்களுக்கு? தெரியாது, எப்பிடி தெரியும். கல்யாணமாயி நான் இங்க வந்த புதுசுல, டேங்கும் அப்பதான் புதுசா எறங்கிச்சி. அரிசியில கருப்பு பொறுக்கற மிஷினு வாங்குனாங்க, சார்டெக்ஸுன்னு, அதுக்கு காத்து குடுக்கறதுக்கு இது. பளபளன்னு வெள்ளிக் கொடம் மாதிரி இருக்கும். அந்தக்கா வந்து இடுப்புல கைய வச்சிக்கினு அண்ணாந்து பாத்துட்டு, "யம்மாடி, எம்மாம்பெரிசு! உன் வூட்டுக்காரனுக்குதான்டி யோகம், ஒக்காந்துக்கினே சம்பளம்"னாங்க. சொல்லி வாய மூடல சார். அன்னிக்கே பெல்ட்டு அறுந்துபோச்சி. அடுத்த வாரம் அவருக்கு கையில சூடு பட்டுச்சி. இதுக்கு அப்புறமும் சும்மா இருப்பாங்களா யாராவது?

அன்னிலேர்ந்து அந்தக்காட்ட நான் பேசறதில்ல. அதுக்கு முன்னாடியும் பேசனதில்ல, ஆனா அது கூச்சத்துல. இது கோவத்துல. அந்தக்காவுக்கு வித்தியாசம் தெரியல, அதான் எனக்கு வருத்தம்.

தேரடி வீதியில ஒரு நாட்டு மருந்து கடைக்குப் போனேன். கடைக்காரரு என் மூஞ்சிய பாத்ததுமே "திருஷ்டிக்காம்மா"ன்னாரு. தலைய ஆட்டுனேன். அவரு சொன்னதுதான்: கருப்புத் துணி, அதுல ரெண்டு கை கல்லுப்பு, ஒரு படிகாரக் கட்டி, காஞ்ச மொளகா, ஒரு எலுமிச்சம்பழத்த கீறி வச்சி, மூட்டையா கட்டி, கண்ணு படற எடத்துல தொங்கவிடணும். "வாசல்ல கட்டும்மா"ன்னுதான் சொன்னாரு. நான்தான் யோசிச்சேன். கண்ணு வாசல் மேலயா பட்டுது? டேங்கு மேலதான பட்டுது. ஸ்டூலு போட்டு ஏறி, மேல தோ அந்த இரும்பு வளையம் இருக்குதே, கிரேன்ல தூக்கறதுக்கு வச்சது, அதுல கட்டுனேன். மூட்ட அப்பிடியே டேங்கு ஒடம்புல ஒட்டிக்கினு தொங்கும். கொழந்த இடுப்புல ஒக்காந்த மாதிரி.

அமாவாசைக்கு அமாவாச மாத்துவேன் சார். ஒரு அமாவாச தப்புனதில்ல. பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு போனப்பகூட அவர மாத்தச் சொல்லிட்டுதான் போனேன். அவரு மாத்துனாரு. எனக்கோசரம். பவுர்ணமிக்கு மலைய சுத்திட்டு வரும்போது அடி அண்ணாமலையில எலுமிச்சம்பழம் நல்லா சாறா கெடைக்கும், பாத்து பாத்து வாங்கியாந்து வச்சிக்குவேன். சாறு இருந்தாதான் வேல செய்யும்.

காயாது சார், எப்பவும் ஈரமாதான் இருக்கும், அதான் அதுல விசேஷமே. உப்பு கரையணும். கரைஞ்சி வழியணும். கரைஞ்சா திருஷ்டி கரையுதுன்னு அர்த்தம். மழக்காலத்துல சும்மா சொட்டு சொட்டுன்னு சொட்டும். காயற காலத்துல நானே ஒரு சொம்பு தண்ணி ஊத்துவேன், பாவம் கரையமுடியாம இருக்குமேன்னு. கொஞ்ச நாள்லயே வேல செஞ்சிது பாருங்க, மூட்டைக்கு அடியிலேர்ந்து செவப்பா ஒரு கோடு எறங்கிச்சி. வெறும் உப்பு வெள்ளையாதான வழியணும்? செவப்பு எங்கேர்ந்து வந்திச்சி? அதான் திருஷ்டி. அந்தக்கா வச்ச கண்ணு ரத்தமா எறங்குதுன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம். அமாவாசைக்கு அமாவாச கோடு நீளமாச்சி. எவ்ளோ வச்சிருக்குது பாரு அந்த பொம்பளன்னு நெனைச்சிக்குவேன்.

அவருக்குதான் இதுல எல்லாம் நம்பிக்க கம்மி. கோட்ட பாத்தார்னா கெரசின் துணியால தொடச்சிட்டு மேல வெள்ளி பெயிண்ட அடிச்சிடுவாரு. எறங்கற திருஷ்டிய எதுக்கு மூடறீங்கன்னு கேட்டா பிரஷ்ஷ கழுவப் போயிடுவாரு. ஒருதரம் மட்டும் மெல்ல சொன்னாரு, "இத வாசல்ல கட்டிக்கலாமே"ன்னு. நான் அன்னிக்கு சோறு துன்னல. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல அவரு. மறுநாளு அவரே ஸ்டூல புடிச்சிக்கினாரு.

போன வருஷம் அளக்க வந்தவரு இப்பிடி இல்ல சார். அடியில மட்டும் நாலு எடத்துல வச்சாரு, துரு புடிச்சா அடியிலதான் புடிக்கும்னு சொல்லிட்டு, வட துன்னுட்டு கெளம்பிட்டாரு. மூட்டைய பாத்துட்டு கும்புட்டுட்டுகூட போனாரு. மருவாதி தெரிஞ்சவரு. இந்த தடவ மேனேஜருக்கு என்னா வந்திச்சோ, "வர்ற ஆபீசரு கண்டிசனானவரு, இதென்னா அசிங்கமா"ன்னு மூட்டைய அறுத்து முள்ளுச்செடியில எறிஞ்சிட்டு, அவரே பெயிண்ட அடிச்சாரு. எங்க வூட்டுக்காரர அடிக்கக்கூட விடல. அறுத்த அன்னிக்கே கண்ணு பூந்துடிச்சி. ஒரே ராத்திரியில ஆறு நாலாச்சி. உப்பு மட்டும் அங்கியே இருந்திருந்தா டேங்குக்கு ஒண்ணும் ஆயிருக்காது.

என்னா சார், டீய வச்சிட்டீங்க? எந்த எடமா? தோ இங்கதான். எனக்கு எட்டாது, ஸ்டூலு இருந்தா… ஏணியா? சேலையோட ஏணியில… சரி, புடிச்சிக்குங்க. இந்த வளையம். இதுலேர்ந்து மூட்ட இப்பிடி தொங்கும். என் கைய வச்சிருக்கேனே, இந்த எடத்துல ஒட்டியிருக்கும். இங்கேர்ந்து கோடு இப்பிடியே… இப்பிடியே எறங்கி…

உங்க சாக்பீஸ் வட்டம் சார் இது.

இல்ல, சும்மா சொன்னேன். என் கைய நகத்தணுமா? சரி. நீங்க வைங்க.

மூணு புள்ளி ஒம்போது. ஆங், தெரியுது.

கொஞ்சம் கீழ சொறண்டிட்டு, கோடு போன வழியில. நாலு புள்ளி ஒண்ணு. ஒரு சாண் தள்ளி இந்தாண்ட? அஞ்சு புள்ளி எட்டு. அந்தாண்ட? அஞ்சு புள்ளி எட்டு.

கோட்டு மேல மட்டும்தான் கம்மி.

வட்டத்து ஓரத்துல அந்த பிளேடால என்னா பண்றீங்க, பெயிண்ட்டு போயிடும் சார்… பெயிண்ட்டுக்கு அடியில பெயிண்ட்டு, அதுக்கும் அடியில… ஐயே. அப்பளம் மாதிரி பேந்து வருது. குடுங்க, பாக்கறேன். செவப்பா இருக்குது. இதுதான் சார் அந்த செவப்பு.

உப்பு கரிக்குது.

ஆமா, நாக்குல வச்சிப் பாத்தேன். ஒண்ணும் ஆவாது. என் உப்புதான.

எறங்கறேன் சார், ஏணிய கெட்டியா புடிச்சிக்குங்க.

…

எறங்கிட்டேன். ஏணிய விட்டுடுங்க.

உப்பும் எலுமிச்சம்பழமும் சேந்தா பித்தளச் சொம்புல இருக்கற களிம்பையே அரிச்சி எடுத்துடும். சொம்ப நான் தேய்க்கறது அதுலதான. அது எனக்கு தெரியும். தெரிஞ்சத இங்க கொண்டாந்து வச்சிப் பாக்கல. பாப்பாவுக்கு எதிர்க்க நானே ஸ்டூலு போட்டு ஏறி, தண்ணி வேற ஊத்தியிருக்கேன். சொம்பு சொம்பா.

அவருக்கு தெரிஞ்சிருக்குது சார். காலையில நீங்க நாலுன்னு சொன்னப்ப அவரு மேனேஜர பாக்கல, கதவுப் பக்கம் பாத்தாரு. என்னப் பாத்தாரு. அப்புறம்தான் தலைய குனிஞ்சாரு. நான் பயத்துல குனியறாருன்னு நெனைச்சேன். "வடிச்சேன்"னு சொன்னா, அப்ப எப்பிடி அரிச்சிதுன்னு கேப்பாங்க. கேட்டா என் பேரு வரும். அதுக்கோசரம் வேலையே போனாலும் போவட்டும்னு வாய மூடிக்கினு நிக்கறாரு அந்த மனுஷன். அவர்ட்ட நான் "வாயில்லாத ஆளு"ன்னு பக்கத்து வூடு வரிக்கும் கேக்கறாப்பல சண்ட போட்டிருக்கேன்.

கதவு தொறக்கிது. வர்றாங்க.

நீங்க சொல்லிடுங்க சார். எனக்கு மேனேஜரு முன்னாடி நாக்கு எழும்பாது. அவரு "ஏம்மா"ன்னாலே நான் உள்ள ஓடிடுவேன்… இல்ல. வேணா. இருங்க. நீங்க சொன்னா அது ஆபீசரு சொன்னதாப் போயிடும்.

மேனேஜரு சார்.

மேனேஜரு சார், ஒரு நிமிஷம். இங்க… நான்தான் கூப்புட்டேன்.

வேடியப்பன் தண்ணி வடிச்சாரு சார். ஒரு நாளு தவறல. நீங்க நேத்து அறுத்து எறிஞ்சீங்களே மூட்ட, அதுல இருந்தது உப்பு. கட்டுனது நானு. அவரு வேணாம்னாரு, நான் கேக்கல. வருஷக்கணக்கா சொட்டி சொட்டி அதுதான் டேங்க அரிச்சிருக்குது. உள்ளேர்ந்து இல்ல, வெளியிலேர்ந்து. ஆபீசரு சொறண்டி காட்டியிருக்காரு, வந்து பாருங்க. நாக்குல வச்சி வேணுன்னாலும் பாருங்க.

என்னங்க நீங்க தலைய ஆட்டறீங்க? நான் பேசிக்கினு இருக்கேன்ல. ஆமா, பேரச் சொல்லிட்டேன். வூட்டுல போயி கோச்சிக்குங்க.

சார், நீங்க கேக்கறது சரிதான், பெயிண்ட்ட யாரு அடிச்சதுன்னு. மேனேஜரு சார், ஆபீசரு கேக்கறாரு பாருங்க. அளக்க வர்றதுக்கு மொத நாளு துரு மேல பெயிண்ட்டு அடிச்சது யாருன்னு. நான் அடிக்கல. அவரும் அடிக்கல… நீங்கதான் சொல்லணும்.

சரி. இன்னிக்கி இந்த மில்லுல என்னத் தவிர யாருக்கும் வாய் இல்ல.

டேங்க மாத்தற வரிக்கும் கம்ப்ரஸர் ஓட்டக் கூடாதா? சரி சார். சீல் வைக்கறீங்களா? வைங்க. அவரு வடிக்கறவரு, மாத்துன பின்னாடி புது டேங்கையும் அவருதான் வடிக்கணும்னு அந்த சீட்டுலயே எழுதிடுங்களேன். எழுதக்கூடாதா? சரி, வாயால சொன்னீங்களே, "ஆளு மேல கொற இல்ல"ன்னு, மேனேஜரு காதுல உழுந்திச்சி. அது போதும். ரூமு வெஷயத்த மொதலாளி வந்து சொல்லட்டும். என்ன திட்டுனா திட்டிக்கட்டும். நின்னு கேப்பேன். நிக்கறதுதான் எனக்கு பழக்கமாச்சே, ஒக்காருன்னு சொல்ற வரிக்கும்.

சந்திரம்மா அக்காட்ட எப்பிடிப் போயி பேசறதுன்னுதான் தெரியல. இத்தினி நாளு பேசாததுக்கு மன்னிச்சிக்கோன்னா, "நீ எப்ப பேசன"ன்னு கேக்கும்.

கெளம்பிட்டீங்களா? பெட்டிய மூடிட்டீங்க… பாப்பாவா? ஆமா, அவதான் அழுவுறா. கம்ப்ரஸரு நின்னுடிச்சில்ல, முழிச்சிக்கினா. இனிமே இவள எத வச்சி தூங்க வைக்கறது. நான்தான் பேசணும் போல… இருடா கண்ணு, வர்றேன்…

சார்! சார், வண்டிய எடுக்காதீங்க! அந்த மிஷின எடுத்துக்கினு ஒரு நிமிஷம் உள்ள வாங்க. ஜெல்லியும் எடுத்துக்குங்க. தூளி கட்டியிருக்கற இரும்புக் கொக்கியில அதே மாதிரி உப்பு மூட்ட ஒண்ணு தொங்குது. பாப்பாவுக்கு கண்ணு படக்கூடாதுன்னு… அதுவும் அமாவாசைக்கு அமாவாச மாத்துனதுதான்.

என்னங்க, மொதல்ல பாப்பாவ எறக்குங்க.